பனிக்கு மருந்து

ஆர்லிஸ் யூல்பெர்க் பதினோரு வருடமாகப் பறவை பார்க்கிறாள். அதில் மூன்றே மூன்று தடவைதான் அரிய பறவை அவள் கண்ணில் பட்டது. மூன்று தடவையும், "நீங்கள் அதைப் பார்த்ததாக ஏற்க இயலாது" என்று வடகரைப் பறவைச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. கையெழுத்து: ராய்ஸ் க்வாமே, செயலாளர், பதிவுக் குழு. மனிதர் முப்பத்தைந்து வருடம் ஊர்க்காரர்களின் பல்லைப் பிடுங்கியவர். ஓய்வுபெற்ற பிறகு அவர்களுடைய பறவைகளைப் பிடுங்க ஆரம்பித்தார்.

குற்றம் முழுக்க அவர் மேல் என்றும் சொல்ல முடியாது. ஆர்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். மின்னசோட்டாவில், அதுவும் சுப்பீரியர் ஏரிக்கரையில், குளிர்காலத்து முதல் நடை இருட்டில் கிளம்பி அரைகுறை வெளிச்சத்தில் முடியும். அந்த நேரத்தில் அவள் எடுக்கிற படமெல்லாம் தீய்ந்துபோன சட்டியின் அடி மாதிரி இருக்கும். நவம்பரில் மூவிரல் மரங்கொத்தி ஒன்றைக் கண்டு, படமெடுத்து அனுப்பினாள். "மூன்று விரல்களில் ஒன்றுகூடத் தெரியவில்லை. மரமும் தெரியவில்லை" என்று பதில் வந்தது. அடியில் இன்னொரு வரி: "இனி கேமராவின் மூலக்கோப்பு இல்லாமல் எந்தப் பதிவையும் குழு பரிசீலிக்காது."

"விடு ஆர்லிஸ். நீ பாத்தது உனக்குத் தெரியும், அந்த மரங்கொத்திக்கும் தெரியும். வேற யாருக்குத் தெரியணும்?" என்றான் அவள் புருஷன் ஹார்லன். அவன் மாவட்டத்துக்குப் பனி வழிக்கிற லாரி ஓட்டுகிறவன்.

"அந்தாளுக்குத் தெரியணும். அம்பத்தெட்டு வயசாச்சு, ஹார்லன். நாப்பத்திரெண்டு பிள்ளைங்கள நம்பி என்கிட்ட விடுறாங்க. ஒரு பறவையைப் பாத்தேன்னு சொன்னா நம்ப மாட்டாங்களாமா?"

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். தான் சொன்னால் நம்ப வேண்டும். பறவைகூட இரண்டாம்பட்சம்.

மூலக்கோப்பு என்றால், கேமரா தன் கைவேலையைக் காட்டாமல், பட்ட வெளிச்சத்தை அப்படியே பிடித்து வைத்திருப்பது. பிசையாத மாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டியாக்குவது நம் பாடு. கேமராவில் அதற்கான பொத்தானைக் கண்டுபிடிக்க ஆர்லிஸுக்கு ஒரு வாரம் ஆனது. கண்டுபிடித்து எடுத்தால் கணினி திறக்க மறுத்தது. திறக்கிற மென்பொருளுக்கு மாதாமாதம் வாடகை கேட்டார்கள். வாடகை என்ற சொல்லே ஆர்லிஸுக்கு ஆகாது. கடைசியில் நூலகத்துப் பெண்தான், உலகம் முழுக்க யார் யாரோ சேர்ந்து சும்மா செய்து வைத்திருக்கிற ஒன்று இருக்கிறதே என்று சொன்னாள்.

இறக்கித் திறந்தாள். விமானி உட்கார்ந்திருக்கிற அறைக்குள் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. வலப்பக்கம் முழுக்க ஸ்லைடர்கள், வளைகோடுகள், வட்டங்கள். ஒவ்வொன்றையும் திறந்தால் உள்ளே இன்னும் ஏழு. ஆர்லிஸ் மூடிவிட்டுப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். திரும்பி வந்து திறந்தாள். மறுபடி மூடிவிட்டு, தேய்த்த பாத்திரத்தையே தேய்த்தாள்.

இணையத்தில் தடித்த கம்பளிச் சட்டை போட்ட ஒரு ஜெர்மன்காரர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆங்கிலம் பாதி புரிந்தது. மீதியை அவள் தைரியத்தால் நிரப்பிக்கொண்டாள். முதலில் திறந்த படம், விடியுமுன் பனிலாரிப் பக்கத்தில் நிற்கிற ஹார்லன். படம் என்று சொல்லக்கூடாது, கறுப்பு. வெளிச்ச ஸ்லைடரை மெல்ல வலப்பக்கம் தள்ளினாள். கறுப்புக்குள்ளிருந்து முதலில் லாரியின் விளக்கு வந்தது. பிறகு தொப்பி வந்தது. பிறகு ஹார்லன் முழுசாக, மூக்கு நுனியில் உறைந்த சொட்டோடு வந்து நின்றான். ஆர்லிஸ் போட்ட சத்தத்தில் நிஜ ஹார்லன் குளியலறையிலிருந்து சவர நுரையோடு ஓடி வந்தான்.

"என்ன ஆச்சு?"

"நீ உள்ளதான் இருந்திருக்க. இவ்வளவு நாளா உள்ளயே இருந்திருக்க."

அன்றிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தாள், எடுத்ததையெல்லாம் திருகினாள். ஏரியை ஊதாவாக்கினாள். உருளைக்கிழங்கும் கறியும் போட்டு அவள் அடுப்பில் சுட்ட ஹாட்டிஷைப் பொன் மாதிரி ஜொலிக்க வைத்துத் தேவாலயக் குழுவுக்கு அனுப்பினாள். எங்கே வாங்கினாய் என்று நான்கு பேர் கேட்டார்கள். போதகரின் வழுக்கையில் விழுந்த பளபளப்பை மட்டும் தனியாக அணைத்துக் காட்டினாள். அவளை மிகவும் கிறுகிறுக்க வைத்தது வேறொன்று. என்ன கூத்தடித்தாலும் மூலக்கோப்பில் ஒரு கீறல் விழாது. செய்ததெல்லாம் இடப்பக்கம் வரிசையாக எழுதியிருக்கும். வேண்டாமென்றால் ஒரு சொடுக்கு, பழையபடி ஆகிவிடும். வாழ்க்கையில் இந்தச் சலுகை வேறெதிலும் அவளுக்குக் கிடைத்ததில்லை. சுதந்திரம் என்றால் இதுதான் என்று பேருந்து நிலையத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு சிக்கல் வந்தது. பனிப் படங்கள் எல்லாம் சவசவவென்று வெளுத்துக் கிடந்தன. ஜெர்மன்காரர் வழி சொன்னார்: வெள்ளையைத் தொடாதே, நடுவில் இருக்கிற சாம்பலை மட்டும் வளைகோட்டைப் பிடித்துக் கீழே இழு. இழுத்தாள். பனி பனியாகவே இருந்தது. மற்றதெல்லாம் கறுத்துக் கனத்து, அச்சடித்த நாட்காட்டிப் படம் மாதிரி எழுந்து நின்றது. இந்தக் கைப்பக்குவத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம் என்றது மென்பொருள். பேர் கேட்டது. "பனிக்கு மருந்து" என்று கொடுத்தாள். பேருக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம்: எல்லாப் படங்களுக்கும் தானாகவே போடவா? எவ்வளவு நல்ல மனசு என்று டிக் போட்டாள். போட்டதை மறந்தும் போனாள்.

அதற்குப் பிறகு அவள் திறந்த படமெல்லாம் மருந்து குடித்துவிட்டுத்தான் வந்தது. ஹார்லன் மட்டும், "கிறிஸ்துமஸ்லேருந்து என் மூஞ்சி சுரங்கத்துல வேலை பாக்கறவன் மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தான். ஜனவரின்னா அப்படித்தான் என்று அவள் அடக்கிவிட்டாள்.

ஜனவரி மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை நடை முடிந்ததும் குப்பைமேட்டுக்குப் போனாள். பறவை பார்க்கிறவர்களுக்குக் குளிர்காலத்தில் அதுதான் கோயில். ஏரி உறைந்ததும் கடற்காகங்கள் எல்லாம் அங்கேதான் கூடும். கடலே இல்லாத ஊரில் கடற்காகம் எப்படி என்று கேட்கக்கூடாது. வந்துவிட்டன, குப்பை தின்கின்றன. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வெளிர்சாம்பல் முதுகுள்ள ஊர்க் கடற்காகம். அந்த ஒன்றுக்காகத்தான் மனிதர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பது. கடற்காகத்தில் ஒரு சாதியையும் இன்னொரு சாதியையும் பிரிப்பது பெரும்பாலும் முதுகின் கறுப்புதான். எவ்வளவு கறுப்பு என்பதில் நட்பு முறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

மேட்டின் நிழலில் நின்ற ஒன்று மற்றவற்றைவிடக் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்த மாதிரி இருந்தது. கேமராவில் அறுபது படம் எடுத்தாள். பைனாகுலரை எடுப்பதற்குள் கூட்டம் எழும்பிவிட்டது. படத்தோடு வீட்டுக்கு ஓடினாள்.

திறந்தாள். அந்த ஒரு பறவையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தாள்; சுற்றி நின்றவற்றின் மேல் கண் போகவே இல்லை. முதுகு புதுச் சிலேட்டு மாதிரி இருந்தது. கால் இளஞ்சிவப்பு. சிலேட்டுமுதுகுக் கடற்காகம், சைபீரியாவின் கிழக்குக் கோடியில் இருக்க வேண்டியது. ஆர்லிஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லோரும் செய்கிறபடி, சுற்றியிருந்ததையெல்லாம் வெட்டிவிட்டு அந்த ஒரு பறவையை மட்டும் சட்டத்துக்குள் வைத்துச் சங்கத்தின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினாள். பத்து நிமிடத்தில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. மினியாபொலிஸிலிருந்து வருகிறோம் என்றார்கள். அயோவாவிலிருந்து ஒரு வேன். வின்னிபெக்கிலிருந்து டெனிஸ் என்ற ஒருவர், ஏழு மணி நேர ஓட்டம், இப்போதே கிளம்பிவிட்டேன் என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. விடியும்போதே நாற்பது பேர் குப்பைமேட்டில் நின்றார்கள். ஆர்லிஸ் மட்டும் வீட்டில் இருந்தாள். ஹார்லன் பனி வழித்துவிட்டு எட்டரைக்குத்தான் வண்டியோடு வருவான். அதுவரை பதிவுக் குழுவின் படிவத்தை நிரப்பலாம் என்று உட்கார்ந்தாள். எட்டு பத்துக்கு ராய்ஸ் க்வாமேயிடமிருந்து சங்கம் முழுவதற்கும் செய்தி வந்தது: "பார்த்தாயிற்று. சிலேட்டுமுதுகுதான். அருமையான காட்சி."

ஆர்லிஸ் சமையலறையில் தனியாக ஒரு சுற்று ஆடினாள். வெறுங்காலோடு, காபிக் கோப்பையோடு, இடுப்பு வலியைப் பொருட்படுத்தாமல் ஆடினாள். அடுத்தடுத்து பதினோரு பேர் பார்த்துவிட்டதாகச் செய்தி வந்தது. பிறகு ராய்ஸிடமிருந்து அவளுக்கு மட்டும் ஒன்று வந்தது: "நானே பார்த்துவிட்டதால் மூலக்கோப்பு தேவையில்லை. முதலில் கண்டவர் என்று உங்கள் பெயரே போகும். வாழ்த்துகள்."

அதை ஆறு தடவை படித்தாள். படிவத்தில் "வெட்டாத முழுப்படம்" என்று ஒரு கட்டம் இருந்தது. தேவையில்லை என்றாலும் முறையாகச் செய்வோமே என்று நினைத்தாள். அவள் சுபாவம் அது. வெட்டியதை எடுத்துவிட்டாள். படம் முழுசாக விரிந்தது.

மேடு முழுக்கச் சிலேட்டுமுதுகு. ஒன்றல்ல, இரண்டல்ல. குப்பைப் பையைக் கிழிக்கிறவை, சண்டை போடுகிறவை, சும்மா உட்கார்ந்திருக்கிறவை, அத்தனையும் சிலேட்டு. ஒரு மூச்சு நேரம், ஒரே ஒரு மூச்சு நேரம்தான், இருநூறு பறவையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஆர்லிஸ் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள்.

ஹார்லன் காலைத் தட்டிப் பனியை உதிர்த்துவிட்டு உள்ளே வந்தான். அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"குப்பை லாரி ஏன் கறுப்பா இருக்கு?"

"என்னது?"

"அது குப்பை அள்ளுற நம்ம டக் ஓட்டற லாரி. வெளிர்பச்சை. ரெண்டு வாரம் முன்னாடி நான்தான் பள்ளத்துலேருந்து இழுத்து விட்டேன்."

ஆர்லிஸ் இடப்பக்கத்து வரிசையைப் பார்த்தாள். அவள் செய்தது வெட்டு ஒன்றுதான். ஆனால் வெட்டுக்கு அடியில், அவள் தொடாத ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. பனிக்கு மருந்து. அதன் மேல் சொடுக்கி அணைத்தாள். லாரி பச்சையானது. இருநூறு கடற்காகமும் ஒரே நொடியில் வெளிர்சாம்பலாகி, பரம்பரை பரம்பரையாக இந்த ஊர்க் குப்பையைத் தின்று வளர்ந்த முகத்தோடு அவளைப் பார்த்தன. அவளுடைய சைபீரியக்காரியும்தான்.

ஹார்லன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ராய்ஸின் செய்தியையும் காட்டினாள்.

"அப்ப அவரு எதைப் பாத்தாரு?"

"எதையோ."

"பதினோரு பேரு?"

"விடியற நேரம். வெளிச்சம் இல்லாதப்ப எல்லா முதுகும் கறுப்புதான். வேணும்னு நெனச்சுப் பாத்தா இன்னும் கறுப்பு."

ஹார்லன் தாடையைச் சொறிந்தான். "பேசாம இருந்துடேன். கோப்பே வேணாம்னு அவரே சொல்லிட்டாரு. உன் பேரு போகுது. யாருக்கு என்ன நஷ்டம்?"

ஆர்லிஸ் யோசிக்காமல் இல்லை. ஒரு கோப்பைக் காபி ஆறும்வரை யோசித்தாள். "நெசமாப் பாத்த மூணையும் இல்லைன்னாங்க, ஹார்லன். இல்லாததை மட்டும் ஆமான்னா, நான் அதை வச்சு என்ன பண்றது? சாவியைக் குடு."

"நானும் வர்றேன். இதை விட்டுட்டு வீட்ல உக்காந்திருக்க நான் என்ன முட்டாளா."

குப்பைமேட்டில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது. நாற்பது பேரும் தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்தி, கண் இமையில் பனி பூக்க நின்றார்கள். ஆர்லிஸ் வண்டியைவிட்டு இறங்கியதும் கைதட்டினார்கள். எல்லாம் தடித்த கம்பளிக் கையுறை, அதனால் தலையணையை அடிக்கிற மாதிரிதான் சத்தம் வந்தது. வின்னிபெக் டெனிஸ் அவளைக் கட்டிக்கொண்டார். அயோவா அம்மாள் ஒருத்தி எலுமிச்சை இனிப்பு வில்லைகள் நிறைந்த டப்பாவை நீட்டினாள். ராய்ஸ் க்வாமே தன் பெரிய தொலைநோக்கியை விட்டுவிட்டு வந்து, பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவளுக்குக் கை கொடுத்தார்.

"பறவை இல்ல" என்றாள் ஆர்லிஸ்.

"இப்பதான் மேட்டுக்கு அந்தப் பக்கம் போச்சு. வரும்" என்றார் அவர்.

"போகல. இல்லவே இல்ல. நான் பண்ணின தப்பு." எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பேருந்தில் பின்வரிசைக்குப் பேசுகிற குரலில் சொன்னாள். மருந்தையும் டிக்கையும் சொன்னாள். கூட்டம் அவளை இரக்கத்தோடு பார்த்தது.

"உங்க மேலயே உங்களுக்கு நம்பிக்கை இல்ல, அதான்" என்றார் ராய்ஸ். "கம்ப்யூட்டர் தப்பாப் போகலாம். நான் என் கண்ணால பாத்தேன், ஆர்லிஸ்."

"அப்படின்னா படிவம் எழுதிக் குடுங்க. நான் செயலாளரா இருந்தா என்ன பதில் போடுவேன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் முகம் குளிரைத் தாண்டிச் சிவந்தது. கூட்டத்தில் யாரோ இருமலை விழுங்கினார்கள்.

குளிரில் மடிக்கணினி ஐந்து நிமிடம் தாங்காது. லாரிகளை எடை போடுகிற அறைக்குள் கொண்டு போனாள். எடை போடுகிற ஜோலீன் அவள் சிநேகிதி. நான்கு பேர் நிற்கிற அறையில் இருபத்தாறு பேர் நுழைந்தார்கள். மற்றவர்கள் ஜன்னலில் மூக்கை ஒட்டினார்கள்.

"யாராச்சும் என் ஹீட்டர் மேல உக்காந்தீங்க, உங்களையும் எடை போட்டு ரசீது குடுத்துருவேன்" என்றாள் ஜோலீன். "காட்டுடி."

ஆர்லிஸ் முழுப்படத்தைத் திறந்தாள். மருந்தைப் போட்டாள்: இருநூறு சைபீரியப் பறவை. மருந்தை எடுத்தாள்: இருநூறு ஊர்ப் பறவை. போட்டாள், எடுத்தாள். பிறகு வின்னிபெக் டெனிஸிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்தார்கள். ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி வந்த மனிதர், சுவரில் சாய்ந்து சறுக்கி, தரையில் உட்கார்ந்து, தொடையில் அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் அதோட நகத்தைக்கூடப் பாத்தேன்னு என் பொண்டாட்டிக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன்" என்றார்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. பார்த்தேன் என்று செய்தி அனுப்பிய பதினோரு பேரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தார்கள். நீதான் முதலில் சொன்னாய், நான் சும்மா தலையாட்டினேன், எனக்குக் கண்ணாடியே உறைந்துபோயிருந்தது என்று ஆளாளுக்குச் சொல்லிச் சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள்.

சிரிப்பு ஓய்ந்தபோது அயோவா அம்மாள் மெதுவாகத் தன் கேமராவை நீட்டினாள். "என்னோட மஞ்சள் ஆந்தையைக் கொஞ்சம் பாரேன்." ஆர்லிஸ் முதல் வேலையாக மருந்துக்குப் போட்ட டிக்கை எடுத்தாள். பிறகு பார்த்தாள். பெட்ரோல் பங்க் விளக்கின் மஞ்சள். பனியில் ஓர் இடத்தைத் தொட்டு இதுதான் வெள்ளை என்று ஆர்லிஸ் மென்பொருளுக்குச் சொன்னதும் ஆந்தை வெளுத்தது. அந்த அம்மாள் கைகொட்டிச் சிரித்து, மறுபடி செய்து காட்டச் சொன்னாள். அதற்குப் பிறகு வரிசை கட்டிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் ஆர்லிஸ் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. ஒருவருடைய பச்சை வாத்து பழுப்பானது. இன்னொருவர் இருபது வருடமாகச் சாதாரணம் என்று ஒதுக்கி வைத்த பருந்து, இருட்டை விலக்கியதும், அப்படியொன்றும் சாதாரணமில்லை என்று தெரிந்தது. அவர் கத்திய கத்தலில் எடைமேடையில் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார். குப்பை லாரிகள் காத்து நின்றன. ஜோலீன் யாரையும் விரட்டவில்லை. ஹார்லன் வில்லை டப்பாவை வைத்துக்கொண்டு, என் மனைவி, என் மனைவி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ராய்ஸ் க்வாமே மட்டும் வெளியே தன் தொலைநோக்கிப் பக்கத்தில் தனியாக நின்றார். கூட்டம் குறைந்தபோது உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றினார். ஒரு சின்னப் பென்டிரைவை மேசைமேல் வைத்து, அதன் மேலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"என் ராஸ் கடற்காகம்" என்றார்.

அறையில் எல்லோருக்கும் அது தெரியும். துருவத்துப் பறவை, நெஞ்சில் ரோஜா நிறம். ஏழு குளிர்காலத்துக்கு முன் ஏரி விளிம்பில் அவர் ஒருவர் மட்டும் கண்டது. அந்தப் படம் சங்கத்து அறையில் மாட்டியிருக்கிறது. அவருடைய பேரோடு அந்தப் பறவையின் பேரும் சேர்ந்தேதான் சொல்லப்படும்.

"மூலக்கோப்பு இது. மினியாபொலிஸ் ஸ்டுடியோக்காரன்கிட்டதான் குடுத்து பிரிண்ட் போட்டேன். அவன் என்ன பண்ணினான்னு எனக்குத் தெரியாது. நான் இதைத் திறந்ததே இல்ல."

"ஏன்?"

"எனக்குத் திறக்கத் தெரியாது."

ஆர்லிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப நாங்கல்லாம் உங்களுக்கு அனுப்புன மூலக்கோப்பு?"

"கோப்பு வந்திருக்கான்னு பாப்பேன்" என்றார் ராய்ஸ். "அன்னிக்கு சூரியன் இறங்கற நேரம். எல்லாமே செவப்பாத்தான் இருந்தது. இன்னிக்குக் காலையில பாத்ததுக்கு அப்புறம் என் கண்ணை நான் நம்பல." விரலை எடுத்தார். "நீங்க பாருங்க. எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க." சொல்லிவிட்டு, ஜோலீனின் சுவர் நாட்காட்டி பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஆர்லிஸ் முதல் வேலையாக மருந்துக்குப் போட்ட டிக்கை எடுத்தாள். பிறகு திறந்தாள். படம் முழுக்கச் சிவப்பு. பனியும் பனிக்கட்டியும் பறவையும், எல்லாமே மாலை வெயிலில் முக்கி எடுத்த மாதிரி. அவளுக்குத் திக்கென்றது. மூன்று கடிதத்துக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. அந்த எண்ணம் வரத்தான் செய்தது. வந்ததும், அந்த மனிதரின் முதுகைப் பார்த்தாள். அறுபத்தொன்பது வயது முதுகு, கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. ரோஜாவாக இருந்துவிட வேண்டுமே என்று அவள் மனசார வேண்டிக்கொண்டாள்.

பனியில் ஓர் இடத்தைத் தொட்டாள். சிவப்பு படம் முழுவதிலிருந்தும் வடிந்தது. பனி வெளுத்தது. பனிக்கட்டி நீலமானது. பறவையின் தலை பனி மாதிரியே வெளுத்தது. நெஞ்சு வெளுக்கவில்லை. நம்பாமல் வேறோர் இடத்தில் பனியைத் தொட்டாள். மூன்றாவதாகவும் ஓர் இடத்தைத் தொட்டாள். வெட்டாத முழுப்படத்தையும் விரித்து, ஓரத்தில் நின்ற வெள்ளைப் படகையும் பார்த்தாள். படகு வெள்ளை. நெஞ்சு மட்டும், மெல்ல, விடாப்பிடியாக ரோஜா நிறத்தில் இருந்தது.

"ரோஜாதான்" என்றாள்.

ராய்ஸ் திரும்பாமலே கேட்டார்: "வெயில் இல்லையே?"

"வெயிலை எடுத்துட்டுத்தான் சொல்றேன். நீங்க பாத்தது பாத்ததுதான்." மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "வாங்க, நீங்களே பாருங்க."

அவர் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்; அது இல்லாமல் அவருக்கு எதிரில் நிற்கிற ஆளே தெரியாது. திரை இருந்த பக்கமே பார்க்காமல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"எதுக்கு?" என்றார். "அதான் நீங்க சொல்லிட்டீங்களே."

கதவைத் திறந்துகொண்டு, வெளியே நிற்கிறவர்களுக்குச் சொல்லப் போனார்.